எடுப்பும் காலப்பிரமாணமும்: ஒலிப்பதிவுக் கருவிகளின் கடிகார ஒத்திசைவு வரலாறும் தாராபுரம் வட்டார வாய்மொழிப் பதிவுகளும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரே நிகழ்வை ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிப்பதிவுக் கருவிகளில் பதியும்போது ஒவ்வொரு கருவியும் தன் உட்கடிகாரத்தையே பின்பற்றுகின்றது. அக்கடிகாரங்கள் முழுமையாக ஒத்துப்போவதில்லை. சென்னை வானாய்வகம், தமிழ்த் திரைப்பட ஒலிப்பதிவு, எண்முறை ஒலிப்பதிவு ஆகிய மூன்று களங்களின் வழி, கடிகார ஒத்திசைவு என்பது தொடக்கம், வீதம், பெயர் என்னும் மூன்று தனித்தனிச் சிக்கல்களைக் கொண்டது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது. ஒன்றுக்குக் கண்ட தீர்வை மற்றதற்கும் தீர்வாகக் கொள்வதே இன்றைய களப்பதிவுகளில் நேரும் பிழைகளுக்கு அடிப்படை என்பதும், தாராபுரம் வட்டார வாய்மொழிப் பதிவுகளைச் சான்றாகப் பாதுகாக்க இவ்வேறுபாடு இன்றியமையாதது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாகும்.

திறவுச்சொற்கள்: ஒலிப்பதிவு, கடிகார ஒத்திசைவு, சென்னை நேரம், நேரக்குறியீடு, அண்ணன்மார் கதை, கொங்கு வட்டாரம், தாராபுரம்.

1. முன்னுரை

கொங்கு வட்டார வாய்மொழி இலக்கிய ஆய்வில் அண்ணன்மார் கதைக்குத் தனியிடம் உண்டு. 1960களின் நடுவில் காங்கேயத்தை ஒட்டிய ஓலப்பாளையத்தில் தங்கிக் களப்பணி செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1965இல் அக்கதையைப் பாடகர் பாடக் கேட்டு நாடாவில் பதிவு செய்தார். அதே கதையைப் பாடகர் சொல்லச் சொல்ல எழுதிய வடிவமும் அவருக்குக் கிடைத்தது. இவற்றின் அடிப்படையில் 1982இல் ஆங்கில ஆய்வு நூலும், 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழி இருமொழிப் பதிப்பும் வெளிவந்தன. அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2009இல் உருவான திருப்பூர் மாவட்டத்தில் தாராபுரம் வருவாய்க் கோட்டத்திற்குள் அமைந்துள்ளது.

ஒற்றை நாடாக் கருவியில் பதிந்த பதிவுக்குக் காலம் ஒன்றே. நாடாவின் வேகம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பாட்டும் உடுக்கையும் பின்பாட்டும் சேர்ந்தே கூடும்; சேர்ந்தே குறையும். அவற்றுக்கு இடையிலான உறவு கெடுவதில்லை. இன்றைய களப்பணியின் நிலை வேறு. பாடகர் அருகில் ஓர் எண்முறைப் பதிவுக்கருவி, பார்வையாளர் பகுதியில் மற்றொன்று, நிகழ்ப்படக் கருவி ஒன்று, ஆய்வாளர் கையில் கைப்பேசி என ஒரே இரவு நான்கு காலங்களில் பதிவாகின்றது. இவற்றை மீண்டும் ஒரே இரவாக இணைப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல். இதனைத் தொழில்நுட்பர்களின் சிக்கல் என ஒதுக்க இயலாது. பாடகரின் சொல்லுக்கும் உடுக்கையின் அடிக்கும் ஆடுவோரின் அடவுக்கும் இடையே எது முந்தியது, எது பிந்தியது என்னும் வினாவுக்கு விடை பதிவுகளின் ஒத்திசைவையே சார்ந்திருக்கின்றது.

2. மூன்று வினாக்கள்

தமிழிசை மரபு தாளத்தைப் பற்றிப் பேசும்போது மூன்று கூறுகளை வேறுபடுத்துகின்றது. பாட்டு தாளத்தின் எந்த இடத்தில் தொடங்குகின்றது என்பது எடுப்பு. தொடங்கிய வேகம் மாறாது நிற்பது காலப்பிரமாணம். எத்தனையாவது ஆவர்த்தனத்தின் எத்தனையாவது அட்சரம் என்பது எண்ணிக்கை. எடுப்புச் சரியாக இருந்தும் காலப்பிரமாணம் தவறலாம். காலப்பிரமாணம் நிலையாக இருந்தும் எண்ணிக்கை பிறழலாம். மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவையாயினும் ஒன்று மற்றொன்றாகாது.

கருவிகளின் கடிகாரங்களுக்கும் இதுவே பொருந்தும். இரு பதிவுகளும் எந்தக் கணத்தில் ஒன்றுபடுகின்றன என்பது தொடக்க வினா. ஒன்றுபட்ட பின் ஒரே வேகத்தில் செல்கின்றனவா என்பது வீத வினா. அக்கணத்தை எந்த மணி, எந்த நிமிடம் என அழைப்பது என்பது பெயர் வினா. வேறுபாடு ஒன்று உண்டு. பாடகர் காலம் தவறினால் உடன் இசைப்போர் கேட்டுத் திருத்திக்கொள்வர். தனித்தனியே இயங்கும் இரு பதிவுக்கருவிகள் ஒன்றையொன்று கேட்பதில்லை.

3. பீரங்கியும் தந்தியும்

1786இல் வில்லியம் பெட்ரி தம் சொந்த முயற்சியாகத் தொடங்கிய வானாய்வுக் கூடம், 1792இல் கிழக்கிந்திய நிறுவனத்தின் வானாய்வகமாக நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்றது. அதன் வானியலாளர் ஜான் கோல்டிங்காம் ஒலியின் வேகத்தை அளக்க மேற்கொண்ட ஆய்வு 1823இல் இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளியாயிற்று. புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடப்பட்ட பீரங்கிகளின் ஒளியைக் கண்ட கணம் முதல், ஓசை வந்தடையும் கணம் வரை காலமானியின் துடிப்புகள் எண்ணப்பட்டன. காற்றின் வெப்பமும் ஈரமும் உடன் குறித்துவைக்கப்பட்டன.

ஒலிப்பதிவு வரலாற்று நோக்கில் இவ்வாய்வு இரு காரணங்களால் முதன்மை பெறுகின்றது. ஒரே நிகழ்வு கண்ணுக்கும் செவிக்கும் தனித்தனியே தரும் அடையாளத்தைக் கொண்டு இரு தொடர்களை இணைக்கும் முறை இங்குப் பின்பற்றப்பட்டது. நூறாண்டுகளுக்குப் பின் திரைப்படத்தில் தோன்றிய கிளாப் பலகையின் தத்துவமும் இதுவே. மேலும், ஓசை பிந்தி வருவது கடிகாரத்தின் பிழை அன்று, தொலைவின் விளைவு என்பது இங்குத் தெளிவாகக் கையாளப்பட்டது. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். எனவே பாடகரிடமிருந்து 35 மீட்டர் தள்ளி வைத்த கருவியில் அவர் குரல் வினாடியின் பத்தில் ஒரு பங்கு பிந்திப் பதிவாகும். கருவிகளும் பாடகரும் இடம் மாறாதவரை இவ்விடைவெளி இரவு முழுவதும் மாறாது. மாறாத இடைவெளி தொலைவால் வருவது. வளர்ந்துகொண்டே செல்லும் இடைவெளி கடிகாரத்தால் வருவது. களப்பதிவை ஆராய்வோர் முதலில் பிரித்தறிய வேண்டியது இதனையே.

பெயர்ச் சிக்கலுக்குத் தீர்வு தந்தியின் வழி வந்தது. கிரீன்விச் நேரத்தைவிட ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்திய சென்னை நேரம், வானாய்வகத்திலிருந்து தந்திக் குறிப்பாக அனுப்பப்பட்டது. 1870கள் முதல் இந்திய இரயில்வேக்கள் பெரும்பாலும் இதனையே பின்பற்றின. 1906 சனவரி 1 முதல், 82 பாகை 30 கலை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது.

தாராபுரம் ஏறத்தாழ 77 பாகை 31 கலை கிழக்கில் உள்ளது. ஆதலின் அதன் சராசரிச் சூரிய நேரம் சென்னை நேரத்திற்கு 11 நிமிடமும் இந்தியத் திட்ட நேரத்திற்கு 20 நிமிடமும் பிந்தியது. திருப்பூர் வழியாக இரயில் சென்றது. தாராபுரத்திற்கு இரயில் பாதை வரவில்லை. இரயில் கொண்டுவந்த பொது நேரம் ஓர் ஊருக்கு நிலையக் கடிகாரத்தின் வழி வந்தது. அண்டை ஊருக்கு அவ்வழி வாய்க்கவில்லை. கோவை, திருப்பூர்ப் பகுதியில் ஆலைச் சங்கு தொழிலாளரின் நாளைப் பகுத்தது. ஆயினும் சங்கு அறிவித்தது ஒரு கணத்தை மட்டுமே. சங்கு கேட்டுத் திருத்திய இரு கைக்கடிகாரங்கள் மறுநாள் சங்கு ஒலிப்பதற்குள் மீண்டும் வேறுபட்டன. தொடக்கமும் பெயரும் பொதுவாயின, வீதம் பொதுவாகவில்லை.

4. துளையும் மின்னோட்டமும்

வீதத்தைப் பொதுவாக்கும் தேவையைக் கூர்மையாக்கியது பேசும் படம். 1931 அக்டோபர் 31இல் வெளியான 'காளிதாஸ்' பம்பாயில் உருவாக்கப்பட்டது. சென்னையில் ஏ.நாராயணன் நிறுவிய ஸ்ரீனிவாசா சினிடோன் 1934இல் 'ஸ்ரீனிவாச கல்யாணம்' படத்தை உருவாக்கியது; அதன் ஒலிப்பதிவாளராகப் பணியாற்றியவர் அவர் துணைவியார் மீனா நாராயணன். கோவையில் 1930களில் சென்ட்ரல் ஸ்டுடியோஸும், 1940களில் பட்சிராஜா ஸ்டுடியோஸும் இயங்கின.

படச்சுருளும் ஒலிச்சுருளும் தனித்தனியே ஓடியபோது அவற்றை இணைத்தவை இரண்டு. ஒன்று, சுருளின் ஓரத்தில் உள்ள துளைகள். வினாடிக்கு 24 படம் என ஓடும் சுருளில் ஒவ்வொரு படத்திற்கும் துளைகளின் எண்ணிக்கை மாறாதது. எனவே துளை எண்ணிக்கையே சுருளோடு ஒட்டிய கடிகாரமாக நின்றது. மற்றொன்று மின்னோட்டம். ஒரே மின்தடத்தில் இணைந்த ஒத்தியங்கு மோட்டார்கள் மின்னோட்டத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றிச் சுழல்வதால், படக்கருவியும் ஒலிக்கருவியும் ஒரே வீதத்தில் ஓடின. 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் கோவை ஆலைகளை இயக்கிய வரலாறு நன்கு ஆராயப்பட்டுள்ளது. மின்சாரம் ஆற்றலை மட்டுமன்றிப் பொதுவான துடிப்பையும் கொண்டுவந்தது என்பது அவ்வரலாற்றில் சேர்க்கப்பட வேண்டிய குறிப்பாகும்.

பின்னணிப் பாடலும் மொழிமாற்றமும் இத்தேவையை மேலும் வளர்த்தன. ஏ.வி.மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' (1938) பின்னணிக் குரலைப் பயன்படுத்திய தொடக்கத் தமிழ்ப் படம். கன்னடத்திலிருந்து தமிழுக்கு மாற்றப்பட்ட 'ஹரிச்சந்திரா' 1944இல் வெளிவந்தது. ஒரு காலத்தில் பதிந்த குரல் மற்றொரு காலத்தில் அசைந்த உதட்டோடு பொருந்த வேண்டும். பாடலின் முதற்சொல் பொருந்தினால் போதாது. இறுதிச்சொல் வரை பொருந்த வேண்டும்.

துளைகளற்ற காந்த நாடா வந்தபோது கடிகாரமாக நின்ற துளைகள் மறைந்தன. நாடா வழுக்கலாம், நீளலாம். இதற்குத் தீர்வாக நாடாவிலேயே ஒரு வழித்துணைக் குறிப்பு ஒலிக்கு இணையாகப் பதியப்பட்டது. ஸ்டீபன் குடெல்ஸ்கி உருவாக்கிய நாகரா வகைக் கருவிகள் 1950களின் இறுதி முதல் இம்முறையைத் திரைப்படக் களப்பணிக்குக் கொண்டுசென்றன. பின்னர்ப் படக்கருவியிலும் ஒலிக்கருவியிலும் தனித்தனியே துல்லியமான குவார்ட்ஸ் படிகங்கள் பொருத்தப்பட்டு, அவற்றை இணைக்கும் கம்பியும் தேவையற்றதாயிற்று. 1970களில் தரப்படுத்தப்பட்ட டைம்கோட் என்னும் நேரக்குறியீடு ஒவ்வொரு படத்திற்கும் மணி, நிமிடம், வினாடி, பட எண் எனப் பெயரிட்டது. நேரக்குறியீடு பெயரைத் தருகின்றது. ஒலிக்கருவியின் வீதத்தைத் தானாகக் கட்டுப்படுத்துவதில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வது இன்றும் தொடரும் குழப்பமாகும்.

5. படிகமும் எண்ணும்

எண்முறை ஒலிப்பதிவில் ஒலியலை சம இடைவெளிகளில் அளக்கப்பட்டு எண்களாகச் சேமிக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி எனப்படும். 1982இல் சந்தைக்கு வந்த குறுவட்டு வினாடிக்கு 44,100 மாதிரிகளையும், நிகழ்ப்படத்துறை 48,000 மாதிரிகளையும் தரமாகக் கொண்டன. கோப்பில் 48,000 என எழுதப்பட்டிருப்பினும், எது ஒரு வினாடி என்பதைத் தீர்மானிப்பது கருவிக்குள் இருக்கும் படிகமே. எளிய கருவிகளின் படிகங்கள் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குகள் வரை பிறழ்கின்றன, வெப்பநிலைக்கேற்பவும் மாறுகின்றன.

ஒலிக்கூடங்களில் இதற்குத் தீர்வு உண்டு. ஒரு முதன்மைக் கடிகாரத்தின் துடிப்பைக் கம்பி வழியே எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பி, ஒரே கணத்தில் மாதிரி எடுக்கச் செய்வர். பன்னாட்டு ஒலிப்பொறியியல் கழகம் 1985இல் எண்முறை ஒலிக் கடத்தலுக்கும், 1991இல் கடிகார ஒத்திசைவுக்கும் தரங்களை வெளியிட்டது. கணினி வலைப்பின்னல் வழியே கடிகாரங்களைத் துல்லியமாக இணைக்கும் நெறிமுறை 2002இல் வந்தது. அதனை ஒலிக்குப் பயன்படுத்தும் தரம் 2013இல் வெளியாயிற்று. இவை அனைத்தும் கருவிகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதை வேண்டுபவை. கோயில் திடலில் தனித்தனியே வைக்கப்படும் கையடக்கக் கருவிகளுக்கு இவ்வசதி பெரும்பாலும் இல்லை.

கைப்பேசியின் திரையில் தெரியும் நேரம் வலைப்பின்னலிலிருந்து பெறப்படுவதால் சரியாகவே இருக்கும். ஆயினும் அதன் ஒலிப்பதிவின் மாதிரிகளை எடுக்கும் படிகம் அந்நேரத்தால் திருத்தப்படும் என்னும் உறுதி இல்லை. பெயர் சரியாக இருப்பது வீதம் சரியாக இருப்பதற்குச் சான்றாகாது.

6. தாராபுரம் வட்டாரக் களப்பதிவுக்கான பொருத்தம்

இரவு 9 மணிக்குத் தொடங்கி விடியற்காலை 5 மணிக்கு முடியும் ஓர் அண்ணன்மார் கதை நிகழ்வை எடுத்துக்கொள்வோம். ஒரு கருவியின் படிகம் பத்து இலட்சத்தில் 20 பங்கு விரைந்தும், மற்றொன்று 20 பங்கு தாழ்ந்தும் ஓடுவதாகக் கொண்டால் வேறுபாடு 40 பங்கு. அதன் விளைவு வருமாறு:

ஒரு நிமிடத்தில் 2.4 மில்லிவினாடி;
இருபது நிமிடத்தில் 48 மில்லிவினாடி;
ஒரு மணி நேரத்தில் 144 மில்லிவினாடி, அதாவது வினாடிக்கு 25 படம் கொண்ட நிகழ்ப்படத்தில் மூன்றரைப் படத்திற்கும் மேல்;
எட்டு மணி நேரத்தில் 1.152 வினாடி.

சேர்ந்து இசைப்போரிடையே இயல்பாக அமையும் முன்பின் வேறுபாடு சில பத்து மில்லிவினாடிகளே. எனவே தொடக்கத்தில் மிகச் சரியாக இணைக்கப்பட்ட இரு பதிவுகளில், அரைமணி நேரத்திற்குள் கருவியின் பிழை கலைஞரின் இயல்பைவிடப் பெரிதாகிவிடக்கூடும். அதற்குப் பின், பாடகர் உடுக்கையின் அடிக்கு முந்திச் சொல் எடுக்கின்றார் என ஓர் ஆய்வாளர் முடிவு செய்தால், அது பாடகரைப் பற்றிய முடிவா, படிகத்தைப் பற்றிய முடிவா என்பதை உறுதிசெய்ய வழியில்லை.

கோல்டிங்காமின் பீரங்கி ஒரு வழியைக் காட்டுகின்றது. நிகழ்வின் தொடக்கத்தில் மட்டுமன்றி முடிவிலும், எல்லாக் கருவிகளும் காணவும் கேட்கவும் கூடிய வகையில் ஒரே இடத்தில் நின்று கைத்தட்டிப் பதிவு செய்தல் வேண்டும். இரு தட்டல்களுக்கு இடைப்பட்ட நேரம் ஒரு கருவியில் 28,800 வினாடியாகவும் மற்றொன்றில் 28,801.152 வினாடியாகவும் இருப்பின், அவற்றின் வீத விகிதம் 1.00004 எனக் கிடைக்கும். முதல் தட்டல் தொடக்கத்தைத் தருகின்றது. இறுதித் தட்டல் வீதத்தைத் தருகின்றது. இரவு முழுவதும் வெப்பநிலை ஒரே அளவாக இராது என்பதால், கதையின் இடைவேளைகளிலும் தட்டல் பதிதல் நன்று.

தட்டல் பதியப்படாத பழைய எண்முறைப் பதிவுகளுக்கும் ஒரு வழி உண்டு. குழல்விளக்கு, ஒலிபெருக்கி ஆகியவற்றின் 50 ஹெர்ட்ஸ் மின்முரலும் அதன் மடங்குகளும் பல பதிவுகளில் மெல்லிதாகக் கலந்துள்ளன. மின்தொகுப்பின் அதிர்வெண் சரியாக 50இல் நிற்பதில்லை. தேவைக்கும் உற்பத்திக்கும் ஏற்ப ஏறி இறங்கும். அவ்வேற்ற இறக்கம் தொகுப்பு முழுவதும் ஒன்றாகவே இருக்கும். ருமேனியாவின் காட்டலின் கிரிகோராஸ் இதனை ஒலிப்பதிவுகளின் காலத்தைக் கண்டறியும் தடயவியல் முறையாக வளர்த்தார். 2013 டிசம்பர் 31இல் தென்மண்டல மின்தொகுப்பு நாட்டின் பிற மண்டலங்களோடு ஒத்திசைவாக இணைக்கப்பட்டது. அந்நாளுக்கு முந்திய தாராபுரப் பதிவின் முரல் தென்மண்டலத்தின் துடிப்பு. பிந்தியது நாடு முழுவதற்கும் பொதுவான துடிப்பு. பதிவின் காலத்தைக் கணிக்க முரலை ஒப்பிடுவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். திருவிழாக்களில் ஜெனரேட்டர் இயங்கியிருந்தால் அம்முரல் காலத்தைக் கணிக்க உதவாது. ஆயினும் ஒரே திடலில் இருந்த இரு கருவிகளை ஒத்திசைக்க அதுவும் போதுமானது. தெளிவான பதிவுக்கு இடையூறு என வடிகட்டி நீக்கப்படும் முரலே சில வேளைகளில் அப்பதிவின் எஞ்சிய ஒரே பொதுக் கடிகாரம் என்பது எண்ணத்தக்கது.

இதிலிருந்து ஆவணப் பாதுகாப்புக்கான சில நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, மூலக்கோப்பை வெட்டாமலும் முரலை நீக்காமலும் ஒரு படியேனும் காத்தல் வேண்டும். இரண்டாவது, எம்பி3 போன்ற சுருக்க வடிவங்கள் கோப்பின் தொடக்கத்தில் சில பத்து மில்லிவினாடி வெற்றொலியைச் சேர்க்கக்கூடும் என்பதால், அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்தல் கூடாது. மூன்றாவது, 48,000 மாதிரி, 24 பிட், இருதட ஒலிக்கோப்பு ஏறத்தாழ 4 மணி 8 நிமிடத்தில் 4 ஜிபி எல்லையை எட்டும்; ஓர் இரவின் பதிவு பல கோப்புகளாகப் பிரியும். பிரிந்த கோப்புகளின் வரிசையையும் பெயரையும் மாற்றாது காத்தல் வேண்டும். நான்காவது, எந்தக் கருவி, எந்த இடம், எவ்வளவு தொலைவு, எதனை முதன்மைக் கடிகாரமாகக் கொண்டோம் என்பனவற்றைப் பதிவுக் குறிப்பில் எழுதுதல் வேண்டும். ஏட்டுச்சுவடிப் பதிப்பில் மூலப்படி எது, ஒப்பிட்ட படி எது எனக் குறிப்பதைத் தமிழாய்வு நெடுங்காலமாக வலியுறுத்தி வந்துள்ளது. ஒலிப்பதிவுக்கும் அதே ஒழுங்கு வேண்டும்.

7. முடிவுரை

பீரங்கி, ஆலைச் சங்கு, கிளாப் பலகை ஆகியவை தொடக்கத்தைப் பொதுவாக்கின. சென்னை நேரமும் இந்தியத் திட்ட நேரமும் நேரக்குறியீடும் பெயரைப் பொதுவாக்கின. சுருளின் துளை, மின்னோட்டம், முதன்மைக் கடிகாரம் ஆகியவை வீதத்தைப் பொதுவாக்கின. ஒவ்வொரு காலகட்டமும் தனக்கு நெருக்கடி தந்த வினாவுக்கே விடை கண்டது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

இன்றைய களப்பணியாளரிடம் துல்லியமான பெயர் இருக்கின்றது. தொடக்கத்தை அவரே உருவாக்க இயலும். வீதம் மட்டுமே கவனிக்கப்படாது விடப்படுகின்றது. கோயில் திடல்களில் இரவு முழுதும் அண்ணன்மார் கதை பாடவல்ல மூத்த கலைஞர்கள் குறைந்துவரும் காலம் இது. ஒருவரின் முழுக்கதை ஒருமுறை மட்டுமே பதிவாக வாய்ப்புள்ள நிலையில், அப்பதிவின் பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தாமற்போனால் மீண்டும் பாடக் கேட்டுத் திருத்த இயலாது. விடியும்போது, கருவிகளை நிறுத்துவதற்கு முன் பதியும் ஒரு கைத்தட்டலுக்குச் செலவு ஏதுமில்லை. பதிவுக்கருவிகளை வழங்கும் தமிழ்த்துறைகளும் நாட்டார் வழக்காற்றியல் துறைகளும் இதனைக் களப்பணிப் பயிற்சியின் பகுதியாக்குதல் வேண்டும்.